ஓர் அலிஃப் அதிகம்

ஒரு பேயைச் சாட்சியாக்குவதற்கு அவர்களுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். வந்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார், ராசாத்தியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவார். தலைச்சோலைப் பாதையில் பனி இன்னும் விழவில்லை. சில்வர் ஓக் மரங்களின் உச்சியில், இறங்குவதா வேண்டாமா என்ற யோசனையில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றான் பென்னி, ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்காமல்.

"வேண்டாம்னா கேக்காம இருந்துருவியா?"

"பேய்க்குச் சம்மன் அனுப்பணும்னா எந்த அட்ரஸுக்குங்க அனுப்புவாங்க?"

"அது குடியிருக்கற ஊட்டுக்குத்தான் போயிட்டிருக்கோம். நீ வளைவப் பாரு கண்ணு."

ஞானசுந்தரி சேலத்தில் பதினெட்டு ஆண்டுகள் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எரிந்த பஞ்சாலைகளையும் நனைந்த கிடங்குகளையும் பார்த்துப் பார்த்து, பொருள்கள் பொய் சொல்லத் தெரியாதவை என்ற முடிவுக்கு வந்து, வேலையை விட்டுவிட்டுத் துப்பறியத் தொடங்கியிருந்தார். பென்னி அவருடைய உதவியாளன், ஓட்டுநர், ஏற்காட்டிலேயே பிறந்து மிஷன் பள்ளியில் படித்தவன். பேய்களில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று உரக்கச் சொல்லிக்கொள்வான். உரக்கச் சொல்வதற்கான காரணம் அவனுக்கே தெரியும்.

வழக்கு இதுதான். தலைச்சோலையில் மைமூன் பீவியின் காப்பித் தோட்டத்து பங்களாவில், ஒரு சாண் அகலமுள்ள பழைய தோல் ஏடு ஒன்று கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்குகிறது. குர்ஆனின் மிகப் பழைய படியொன்றிலிருந்து பிரிந்து வந்த ஏடு என்பது குடும்பத்தின் நம்பிக்கை. பாட்டனார் ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்தது. பீவியை 'மாமி' என்று அழைக்கும் தம்பி மகன் இத்ரீஸ், அதன் வயதைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, ஜூன் மாதம் ஓர் ஆய்வகத்திலிருந்து ஆட்களை வரவழைத்தான். அவர்கள் மூலையில் நகக்கண்ணளவு வெட்டி எடுத்துப் போனார்கள். போன வாரம் முடிவு வந்தது: ஆட்டுத்தோல், வயது பத்தாண்டுக்குள்.

அப்படியானால் பழைய ஏடு எங்கே? அந்த அறையின் சாவி பதினோரு ஆண்டுகளாக வீட்டு வேலை பார்க்கும் ராசாத்தியின் இடுப்பில்தான் இருக்கிறது. இத்ரீஸ் புகார் எழுதிக் கொடுத்தான். வாழவந்தியில் அவளுடைய வீட்டைச் சோதனை போட்டார்கள். கேழ்வரகு மொடாவைக்கூடத் தெருவில் கவிழ்த்தார்கள். ஏடு கிடைக்கவில்லை. அவள் சொன்ன ஒரே பதில் எல்லோரையும் சிரிக்க வைத்தது: "அந்தக் கண்ணாடியில எழுத்து எழும்புதுங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டு அடங்கிப் போகுதுங்க."

அந்த எழுத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

*

மைமூன் பீவி முன்வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். அறுபதைக் கடந்த மெலிந்த உருவம். தலைமுக்காட்டின் ஓரம் காற்றில் அசைந்தது. உதடுகள் எதையோ தொடர்ந்து முணுமுணுத்தபடி இருந்தன. காரைக் கண்டதும் நின்றன.

"வாங்கம்மா. அவ திருடலைம்மா. அத மட்டும் எனக்கு நிரூபிச்சுக் குடுங்க."

"திருடுனது யாருன்னு தெரிய வேண்டாமுங்களா?" என்றார் ஞானசுந்தரி.

பீவி ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். "அவ இல்லன்னு தெரிஞ்சாப் போதும்."

"இவங்கதான் நமக்குப் பணம் கட்டுன கட்சிக்காரரா?" என்று பென்னி நடையில் கிசுகிசுத்தான். "குற்றவாளி வேண்டாம், நிரபராதி மட்டும் குடுங்கன்னு கேக்கறாங்க. பாதி வேலைக்குப் பாதி ஃபீஸா அக்கா?"

ஞானசுந்தரி திரும்பி முன்வாசலை ஒரு முறை பார்த்தார்.

ராசாத்தி அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மலைக்காற்றில் காய்ந்த முகம். அழுது முடித்துவிட்ட கண்கள். இடுப்பில் சாவிக்கொத்து இன்னும் இருந்தது. கழற்றி வைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"மொதல்ல எப்பப் பார்த்த ராசாத்தி?"

"எங்க சேர்வராயன் சாமி நொம்பித் திருவிழாவுக்கு மூணு நாள் லீவு போட்டுட்டு, சாவிய இங்கயே மாட்டி வெச்சுட்டுப் போயிருந்தேனுங்க. மே மாசம். திரும்பி வந்த அன்னைக்குச் சாயங்காலம் பனி எறங்குச்சு. சன்னலச் சாத்தலாம்னு உள்ள போனேன். கண்ணாடியில ஒரு கோடு எழும்புச்சுங்க. பொறவு இன்னொண்ணு. ஆரோ அந்தப் பக்கம் நின்னு மூச்சு வுட்டாப்பல."

பென்னி தன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். குளிர் காரணமாக இருக்கலாம்.

"நொம்பிக்கு முன்னாடி?"

"பதினோரு வருசத்துல ஒரு நாளும் இல்லீங்க. வாரம் ரெண்டு தடவ அந்தக் கண்ணாடியத் தொடைக்கறவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?"

"எழுத்தப் பார்த்ததுக்கப்பறம் தொடச்சியா?"

ராசாத்தி அவரை விநோதமாகப் பார்த்தாள். "ஏனுங்க, சாமி எழுத்து தானா வந்து நிக்குது. அத ஆராச்சும் துணி போட்டுத் தொடைப்பாங்களா? அன்னையில இருந்து அந்தக் கண்ணாடி மேல என் கை படலீங்க. தூசி படிஞ்சு கெடக்குதுன்னு இத்ரீசு தம்பிகிட்ட ஏச்சுக்கூட வாங்குனேன்."

ஞானசுந்தரியின் முகத்தில் மெல்லிய வெளிச்சம் ஒன்று வந்து போனதைப் பென்னி கவனித்தான். ஈரக் கிடங்கில் எரிந்த மின்கம்பியின் நுனியைக் கண்டுபிடித்தாற்போன்ற வெளிச்சம்.

"நல்ல வேல செஞ்ச சாமி," என்றார். "நொம்ப நல்ல வேல."

*

ஏடு இருந்த அறை வீட்டின் வடக்கு மூலையில் இருந்தது. மூடிய சன்னல், பழைய காப்பிச் சாக்கின் வாசனை, சுவரில் அந்தச் சட்டம். பார்க்கிறவரை அது திருப்பிப் பார்க்கிறது என்ற எண்ணத்தைப் பென்னியால் தவிர்க்க முடியவில்லை. பழுப்புத் தோலின் மேல் கருஞ்சிவப்பு மையில் உயரமான கோடுகள், எல்லாம் வலப்புறம் சாய்ந்து, காற்றுக்கு எதிராக நடக்கும் மனிதர்களைப் போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கீழ் மூலையில் ஆய்வகத்தார் வெட்டிய சிறு காயம்.

சட்டத்தின் அருகே நின்றிருந்தவன் இத்ரீஸ். முப்பது வயது. சேலத்தில் திருமண அழைப்பிதழ்களுக்கும் பள்ளிவாசல் முகப்புகளுக்கும் அரபு எழுத்துகள் வரைந்து தருபவன். வலக்கை விரல்களில் மை ஊறிப்போயிருந்தது.

"ஒரு வாரமா தினம் காலைல வந்து பாக்கறேங்க," என்றான். "ஒண்ணும் எழும்பல. எழும்பவும் எழும்பாது. மாட்டிக்கிட்டவங்க சொல்ற கதைக்குப் பேய்தான் வசதி. அத யாரும் குறுக்கு விசாரணை பண்ண முடியாது."

"சன்னலத் தொறந்து வெச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்குங்க? பூட்டித்தான் வெச்சிருக்கேன். இனி இங்க எதுவும் காணாமப் போகக் கூடாதில்ல?"

"காலைல, பூட்டுன ரூம்ல. அப்ப எப்படி எழும்பும்?" ஞானசுந்தரி திரும்பினார். "பென்னி, வாயத் தொற."

பென்னி நெஞ்சில் கை வைத்தான். "ஆறு வருஷத்துல மொதல் தடவையா மூடச் சொல்லாமத் தொறக்கச் சொல்லியிருக்கீங்க. தேதியக் குறிச்சு வெச்சுக்கலாமுங்களா?"

"கண்ணாடிகிட்டப் போய் மூச்சு வுடு. கையால தொடாத."

அவன் போனான். கண்ணாடிக்கு நான்கு விரல் தூரத்தில் முகத்தை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, ஊதாமல் ஆவியாக விட்டான். வெள்ளைப் படலம் ஒன்று விரிந்தது. முதலில் வெறும் மங்கல். பிறகு அந்த மங்கலுக்குள்ளிருந்து, நீரடியில் கிடந்த ஒன்று மேலே மிதந்து வருவதுபோல, ஒரு நெடுங்கோடு எழும்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒரு வளைவு. ஒரு சுழி. தன் மூச்சில் யாரோ எழுதுகிறார்கள் என்று பென்னிக்குத் தோன்றியது. தோன்றிய கணமே இரண்டடி பின்னால் வந்திருந்தான். எழுத்துகள் மூன்று நொடி நின்றன. பின்பு ஓரங்களிலிருந்து கரைந்து, அடங்கி, தூசி படிந்த கண்ணாடியாகிவிட்டன.

"சாட்சி ஆஜர்," என்றான் பென்னி. குரல் அவன் நினைத்ததைவிட மெலிதாக வந்தது.

இத்ரீஸின் முகத்தில் ரத்தமில்லை. "அது… அது திரும்பியிருக்குங்க. எடத்துல இருந்து வலத்துக்கு ஓடுது. அரபு அப்படி ஓடாது."

"இன்னொரு தடவ வுடு பென்னி. நீங்க போன்ல படம் புடிங்க தம்பி. புடிச்சுட்டு அதத் திருப்பிப் போடுங்க."

பென்னி மூச்சு விட்டான், இத்ரீஸ் படமெடுத்தான். எழுத்து சட்டென்று அடங்கிவிட்டதால் மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. திரையில் படத்தை இடவலம் மாற்றியதும் கோடுகள் எல்லாம் வலப்புறம் சாய்ந்து, சட்டத்துக்குள் இருந்த ஏட்டின் இரட்டைப் பிறவியைப் போல நின்றன.

"வெள்ளம் பூந்த வீடுகள்ல நிறையப் பாத்திருக்கேன்," என்றார் ஞானசுந்தரி. "அம்பது வருஷம் சட்டத்துல இருந்த ஃபோட்டோவ வெளிய எடுத்தா, கண்ணாடியோட உள்பக்கத்துல அதே முகம் லேசா ஒட்டியிருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டாத் தெரியும். இந்த ஏடும் மை இருக்கற பக்கத்தக் கண்ணாடிக்குக் குடுத்துட்டு அத்தன வருஷம் நின்னுருக்கு. அதோட நெழல் கண்ணாடியில ஏறியிருக்கு. உள்பக்கத்துல."

"உள்பக்கத்துலன்னா…" இத்ரீஸ் கண்ணாடியை நெருங்கினான். "இவரு வெளியில இருந்துதான மூச்சு வுட்டாரு?"

"அதேதான். உள்பக்கம் இருக்கற வரைக்கும் பனி அதத் தொட வழியில்ல. அதனாலதான் பதினோரு வருஷமா ராசாத்தி கண்ணுக்கு அது படல. இப்ப வெளிப்பக்கம் வந்துருச்சு, அதனால எழுத்தும் திரும்பிருச்சு. யாரோ கண்ணாடியக் கழட்டி, திரும்ப மாட்டும்போது பக்கம் மாத்திப் போட்டுட்டாங்க. ஜூன்ல லேப்காரங்க வந்தப்ப கண்ணாடியக் கழட்டுனீங்களா?"

"இல்லீங்க. பின்பலகைய மட்டும் எடுத்தோம். தோல் தானாக் கையில வந்துச்சு."

"தானா வந்துச்சா? அத்தன வருஷம் கண்ணாடியோட அமுங்கிக் கெடந்த தோலு, எங்கயும் ஒட்டாமத் தானா வந்துச்சா?"

இத்ரீஸ் சட்டத்தின் ஓரத்தை எட்டிப் பார்த்தான்.

"ஏன்னா அது அதுக்கு முந்துன மாசம் வெச்ச தோலு," என்றார் ஞானசுந்தரி. "ஒட்ட நேரமில்ல. கண்ணாடி மாறுனதும் அப்பத்தான். ராசாத்தி நொம்பிக்குப் போன அந்த மூணு நாள்ல. பேய் எழும்ப ஆரம்பிச்ச தேதிதான் ஏடு மாறுன தேதி. அன்னைக்கு அவ மலைக்கு மேல சேர்வராயன் குகை வாசல்ல நின்னுட்டிருந்தா, பாதி வாழவந்தி பாத்திருக்கும்."

பென்னி மணி பார்த்தான். மூன்று. "அப்ப ராசாத்தி அக்கா மேல இருந்த பழி போச்சு. அந்த மூணு நாள்ல ஊட்டுல ஆரு இருந்தது?" கேள்வியைக் காற்றில் விட்டுவிட்டு, அவன் இத்ரீஸின் கருத்த விரல்களைப் பார்த்தான்.

"மாமி இருந்தாங்க. ஒரு நாள் நானும் வந்தேன்." இத்ரீஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "எழுதத் தெரிஞ்சவன் நாந்தான்னு சொல்றீங்களா? நாந்தானங்க புகாரே குடுத்தேன்?"

"தீப்புடிச்ச கடைக்கு மொதல்ல ஃபயர் சர்வீஸக் கூப்பிட்டவரே பத்த வெச்சதும் நான் பாத்திருக்கேன்," என்றார் ஞானசுந்தரி அமைதியாக. "உங்களப் பத்திச் சொல்லல. எழுதுனது ஆருன்னு கண்டுபுடிக்க நீங்கதான் எனக்கு உதவி பண்ணோணும். ரெண்டையும் வரி வரியாப் படிங்க. கண்ணாடிக்காரன் ஒண்ணு, சட்டத்துல இருக்கறவன் ஒண்ணு."

*

இத்ரீஸ் படித்தான். ஒரு கையில் கைப்பேசி. மறு கையின் சுட்டுவிரல் ஏட்டைத் தொடாமல் மேலே நகர்ந்தது. இந்த எழுத்தில் புள்ளிகளே இல்லை என்றான்; ஒரே வடிவம் இரண்டு மூன்று எழுத்துகளாக இருக்கக்கூடும். ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் தடையில்லாமல் வாசிக்க முடியும்.

"நம்ம ஓலைச்சுவடியிலும் புள்ளி இருக்காது," என்றார் ஞானசுந்தரி. "ஓலை கிழிஞ்சுரும்னு வெக்க மாட்டாங்க. வாசிக்கறவங்கதான் வெச்சுக்கணும். இது எந்த எடம் தம்பி?"

"யூசுஃப் நபியோட கதைங்க. அவர் வேல பாத்த வீட்டு அம்மா, அவர் தப்பா நடந்துக்கிட்டாருன்னு பழி போடறாங்க. அப்ப அந்தக் குடும்பத்துலயே ஒருத்தர் சாட்சி சொல்றாரு. அவர் போட்டிருந்த சட்டை முன்னால கிழிஞ்சிருந்தா அந்தம்மா சொல்றது உண்மை, பின்னால கிழிஞ்சிருந்தா இவர் சொல்றது உண்மைன்னு."

"எங்க பாடத்துல யோசேப்பு அங்கிய வுட்டுட்டே ஓடிருவாருங்க," என்றான் பென்னி. "கிழியறதுக்கெல்லாம் நேரமில்ல."

"முன்பக்கமா, பின்பக்கமா," என்று ஞானசுந்தரி தனக்குள் சொல்லிக்கொண்டார். "கண்ணாடியும் அதத்தான் கேட்டுச்சு. மேல படிங்க."

இத்ரீஸின் விரல் சட்டென்று நின்றது. கைப்பேசியைப் பார்த்தான். ஏட்டைப் பார்த்தான். மீண்டும் கைப்பேசியை.

"இங்க ஓர் அலிஃப் அதிகமா இருக்குங்க."

"அலிஃப்னா?"

"இந்த நெட்டுக்கோடு. நம்ம 'ஆ' ஓசைக்கு. 'கால'ன்னு ஒரு வார்த்தை. 'அவர் சொன்னார்'னு அர்த்தம். இப்ப அச்சுல வர்ற குர்ஆன்ல காஃப், அலிஃப், லாம்னு மூணெழுத்தா எழுதுவாங்க. ஆனா நொம்பப் பழைய ஏடுகள்ல பல எடத்துல நடுவுல இருக்கற அலிஃப வுட்டுருவாங்க. காஃப், லாம், ரெண்டே எழுத்து. வாசிக்கறவங்க 'கால'ன்னு நீட்டிக்குவாங்க. கண்ணாடியில ரெண்டெழுத்துதான் இருக்கு. இங்க பாருங்க, சட்டத்துல இருக்கறதுல மூணு." விரல் கீழே ஓடியது. "அடுத்த எடத்துலயும் மூணு. மத்த எல்லாக் கோடும் அச்சு அசலா இருக்கு. இது மட்டும்தான் வேற."

ஞானசுந்தரி அறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் வழக்கு எழுந்து நின்றுவிட்டது என்று பொருள். பென்னிக்கு அது மனப்பாடம்.

"தம்பி, நீங்க இத நகல் எடுத்திருந்தா எப்படி எடுத்திருப்பீங்க?"

"பேனா முனையால ஒரு புள்ளி வெப்பேன். அலிஃப் எத்தன புள்ளி உசரம், வளைவு எத்தன புள்ளி அகலம்னு அளந்து அளந்துதான் எழுதுவேன். எங்க வேலையே அளவுதாங்க."

"இந்த அத்தியாயம் உங்களுக்கு மனப்பாடமா?"

இத்ரீஸ் தலை குனிந்தான். "இல்லீங்க. பாத்துத்தான் ஓதுவேன்."

"அப்ப நீங்க இல்ல. கண்ணால எழுதறவன் கண்ணு முன்னாடி இல்லாத கோட்டப் போட மாட்டான். அரபு தெரியாத ராசாத்தி எழுதியிருந்தாக்கூட ரெண்டு கோட்டுக்கு ரெண்டு கோடுதான் வந்திருக்கும். இத எழுதுனவங்க ஏட்டப் பாத்துட்டே இருந்திருக்காங்க, ஆனா கை ஏட்டக் கேக்கல. நெஞ்சுல இருக்கறதக் கேட்டிருக்கு. வாய் நீட்டி ஓதுச்சு, கை நீட்டி எழுதிருச்சு. முழுசா மனசுல வெச்சிருக்கறவங்க மட்டும் பண்ணக்கூடிய தப்பு இது. இந்த ஊட்டுல மனப்பாடமா ஓதறவங்க ஆரு?"

"ஹாஃபிஸா? இங்க அப்படி ஆம்பளைங்க யாரும்…"

வாக்கியம் பாதியில் நின்றது. முன்வாசலிலிருந்து, முறத்தில் மிளகு சரியும் ஓசையோடு, தாழ்ந்த குரல் ஒன்று தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஏற்றமும் இறக்கமுமாக, மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் நின்று, மறுபடி தொடர்ந்தது. அந்தப் பெண்மணியின் மடியில் முறம் மட்டுமே இருந்ததைப் பென்னி நினைத்துப் பார்த்தான். புத்தகம் எதுவும் இருக்கவில்லை.

ஞானசுந்தரி எழுந்து சன்னலைத் திறந்தார்.

பனி வாசலிலேயே காத்திருந்ததுபோல உள்ளே வந்தது. காப்பிச் செடிகளின் மேல் தவழ்ந்து, சன்னல் விளிம்பில் ஏறி, அறைக்குள் இறங்கியது. யாரும் மூச்சு விடவில்லை. விட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கண்ணாடியில் எழுத்துகள் தாமாக எழும்பத் தொடங்கின, ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாக, ஏடு முழுவதும்.

முன்வாசலில் குரல் நின்றது. சற்று நேரத்தில் மைமூன் பீவி கதவருகே வந்து நின்றார். படியைத் தாண்டவில்லை.

"சாயங்காலமானா இந்த ரூமுக்கு நான் வர்றதில்லம்மா," என்றார். "ரெண்டு மாசமாச்சு."

"கண்ணாடிய மாத்திப் போட்டது உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார் ஞானசுந்தரி. குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. வழி கேட்பவரைப் போலக் கேட்டார்.

"மாமி?" என்றான் இத்ரீஸ்.

பீவி அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாதும்மா. தோலு கண்ணாடியோட ஒட்டிக் கெடந்துச்சு. ரெண்டையும் சேத்தே எடுத்து, பனியில வெச்சு மெல்லமாப் பிரிச்சேன். திரும்ப மாட்டுறப்ப எந்தப் பக்கம்னு யாரு பாத்தா? மறுநாளே அதுல எழுத்து எழும்புச்சு. ராசாத்தி பயந்தாளே, அவளவிட நான் பயந்தேன். அவளுக்காச்சும் அது என்னன்னு தெரியாது. திரும்பி நின்னாலும் எனக்கு வாசிக்கத் தெரியுமே."

"ஏன் மாமி? எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

"நீ கத்தி வெக்கச் சொன்ன தம்பி. நகக்கண்ணளவுதான, நகக்கண்ணளவுதானன்னு சொன்ன. எத்தன தலைமுறை கைமாறி வந்த தோலு, ஒருத்தர்கூட அதுல கத்தி வெக்கல. உங்கிட்ட வேண்டாம்னேன். வயசு தெரிஞ்சா உலகத்துக்கே நல்லதுன்ன. அதுக்கு எனக்குப் பதில் தெரியல. சேலத்துல மத்தளக் கடையில தோலு வாங்கி, எங்க அத்தா வெச்சிருந்த நாணல் பேனாவச் சீவி, மூணு நாள் உக்காந்து எழுதினேன். வெட்டறதுன்னா என் எழுத்த வெட்டட்டும்னு. முடிவு இப்படி வரும்னோ, அதுல ராசாத்தி தலை உருளும்னோ நான் நெனைக்கல." ஞானசுந்தரியின் பக்கம் திரும்பினார். "நான் எங்க தப்பு விட்டேம்மா? ராத்திரி பகலா யோசிச்சுட்டேன். ஒரு கோடு பிசகாமத்தான எழுதினேன்?"

இத்ரீஸ் அந்த வார்த்தையைக் காட்டினான். பீவி படியைத் தாண்டி உள்ளே வந்தார், குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது தப்பில்லையேடா," என்றார் மெதுவாக. "சரியாத்தான எழுதியிருக்கேன். சரியா எழுதினதுதான் தப்பாப் போச்சு."

பிறகு ஏட்டை விட்டுக் கண்ணாடியின் மேல் எழும்பி நின்ற அந்த இரண்டு எழுத்துகளைச் சுட்டினார்.

"இந்த ரெண்டெழுத்த இன்னொரு விதமாவும் வாசிக்கலாம்மா. அலிஃப் இல்லாததால. 'கால'ன்னா அவர் சொன்னார். 'குல்'னா, சொல்லு. இந்த எடத்துல அது 'கால'தான்னு எனக்குத் தெரியும், சின்ன வயசுல இருந்து ஓதறேன். ஆனா ராசாத்தி ஊட்டுக் கேவுரு மொடாவத் தெருவுல கவுத்தாங்கன்னு கேட்ட அன்னைக்கு, வாசல் பனிக்குள்ள இது எழும்பி நின்னு என்னையப் பாத்தாப்பல இருந்துச்சு. சொல்லு, சொல்லு, சொல்லுன்னுதான் எனக்குக் கேட்டுச்சு. சொல்ல வாய் வரல. அதான் உங்களக் கூப்பிட்டேன்."

மலைக்கோயில் மணியோ எஸ்டேட் மணியோ, எங்கோ பனிக்குள் ஒரு மணி அடித்தது. பென்னிக்கு முதுகு சிலிர்த்தது. பேய்க்குப் பயந்த சிலிர்ப்பு அவனுக்குப் பழக்கம்; இது அந்த வகை இல்லை.

"அசல் எங்கிருக்கு?" என்றார் ஞானசுந்தரி.

கூடத்தில் மரத்தாங்கியின் மேல் பீவி தினமும் முன்னால் வைத்து உட்காரும் பெரிய குர்ஆன் இருந்தது. உளூச் செய்து கை கால் கழுவி வந்து, அவர் அதை விரித்தார். நடுப்பக்கங்களுக்கிடையே மெல்லிய வெள்ளைத் துணிக்குள், பழுப்பேறிய ஏடு ஒரு காயமும் இல்லாமல் இருந்தது. சோதனைக்கு வந்தவர்கள் வாழவந்தியில் ஒரு மொடாவையும் விடவில்லை. இந்தக் கூடத்தின் நடுவில் இருந்ததை யாரும் தொடவில்லை.

*

ராசாத்தி எல்லாவற்றையும் அடுக்களை வாசலில் நின்று கேட்டிருந்தாள். பீவி அவளிடம் போய் அவள் கையைப் பிடித்தபோது, அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"இன்ஸ்பெக்டர் வந்ததும் நான் எல்லாத்தயும் சொல்லிர்றேன் ராசாத்தி. எழுதிக் கையெழுத்தே போட்டுத் தர்றேன்."

"புகாரு நான் வாபஸ் வாங்கிக்கறேன்," என்றான் இத்ரீஸ், தரையைப் பார்த்து. "என்னைய மன்னிச்சுருங்கக்கா."

ராசாத்தி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். ஒவ்வொரு சாவியாகப் பார்த்துவிட்டு, அதை அடுக்களை மேடையின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள்.

"இன்ஸ்பெக்டருகிட்டச் சொன்னாப் பத்தாதுங்க பீவிம்மா. அவரு என்னையத் திருடின்னு நெனச்சா நெனச்சுட்டுப் போறாரு, நாளைக்கு வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போயிருவாரு. எங்க ஊட்டுச் சாமானத் தெருவுல போட்டப்ப எங்க சனம் பூரா நின்னு பாத்துச்சு. எம்புள்ளைய இன்னும் ஒருத்தரும் ஊட்டுக்குள்ள சேத்த மாட்டேங்கறாங்க. அங்க வந்து சொல்லோணும். அந்த எடத்துலயே நின்னு."

"வர்றேன்," என்றார் மைமூன் பீவி. முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, செருப்பைத் தேடினார்.

வாசலில் ஜீப் வந்து நின்றபோது ஞானசுந்தரி இன்ஸ்பெக்டரைக் கூடத்துக்கு அழைத்துப் போனார், அசலையும் பீவி எழுதிக் கையெழுத்திட்ட தாளையும் காட்டுவதற்கு. பென்னி காரைத் திருப்பினான். பீவி பின் இருக்கையில் ஏறினார். ராசாத்தி முன்னால், அவனுக்குப் பக்கத்தில். கண்ணாடிகளெல்லாம் பனி பூத்திருந்தன.

"வாழவந்திக்கு எவ்வளவு நேரமாகும் தம்பி?" என்று கேட்டார் பீவி.

"பனியில்லாட்டி அரை மணிங்கம்மா."

"மெதுவாவே போ. என்ன சொல்றதுன்னு நான் கொஞ்சம் யோசிச்சுக்கணும்."

ராசாத்தி திரும்பிப் பார்க்கவில்லை. சேலையைத் தோளில் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

"வேகமாப் போங்க," என்றாள். "அஞ்சு மணி பஸ்ஸுக்குச் சனம் பூரா எறங்கும். அத்தன பேரும் கேக்கோணும்."

பென்னி கியரை மாற்றினான்.